குரல் ஓய்ந்த பின்னும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தார்கள். நம் இசையின் பெருமையை நமக்குள் நாமே பேசி மகிழ்வது எளிது. ஆண்டுதோறும் அதனைச் செய்கிறோம், இனியும் செய்வோம். ஆயினும், ஊர் விட்டு வந்து வேற்று மொழி பேசும் மக்களிடையே வாழும் நமக்கு, பிறருடைய இசைக்குச் செவி சாய்க்கும் கடமையும் உண்டு. நம் பிள்ளைகளின் சரளி வரிசையை அண்டை வீட்டார் விடியற்காலையில் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா? அந்த நன்றியை நினைந்து, மேலை நாட்டு இசை மேடை ஒன்றைப் பற்றி இன்று சொல்ல விழைகிறேன். அம்மேடையில் இருவரே உளர். ஒருவர் பாடுகிறார், மற்றவர் பியானோ வாசிக்கிறார்.

மேலை நாட்டு வாய்ப்பாட்டு என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது ஆப்பரா என்னும் இசை நாடகமே. வேடம், திரை, பெரிய வாத்தியக் குழு, அக்குழுவின் முழக்கத்தையும் கடந்து எழும் குரல்! ஆடவர் குரல்களில் மேல் ஸ்தாயியில் நின்று பாடுவது டெனர். ஆப்பராவின் காதலன் பெரும்பாலும் இவனே. இதனைக் கூச்சல் என்று சொல்லி ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. ஒலிபெருக்கியின் துணையின்றி, பெரிய மண்டபத்தின் கடைசி வரிசை வரையில் ஒரு மனிதக் குரல் சென்றடைய வேண்டுமானால் அதற்கு எத்தனை ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அந்த டெனரே ஒரு மாலையில் வேடத்தைக் களைந்துவிட்டு, ஒரேயொரு பியானோவின் அருகே வந்து நிற்கிறார். திரையில்லை, காட்சியில்லை. கையசைப்புக்கூட மிகுதியாக இல்லை. கவிதையும் குரலும் பியானோவும் மட்டுமே. ஜெர்மானிய மொழியில் இவ்வகைப் பாடலுக்கு 'லீட்' என்று பெயர். ஆப்பராவில் வென்றவர் யாவரும் இம்மேடையில் வென்றுவிடுவதில்லை. அங்கே ஆயிரம் பேருக்கு அறைகூவல் விடுத்த குரல், இங்கே ஒருவர் காதில் சொல்வது போலச் சொல்ல வேண்டும்.

இதற்குச் சான்றாக ஓர் இரவைக் குறிப்பிடுகிறேன். 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், ஸ்காட்லாந்தின் எடின்பரோ இசை விழாவில் பாடியவர் பிரிட்ஸ் வுண்டர்லிஷ் என்னும் ஜெர்மானிய டெனர். 1930-இல் கூசல் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தவர். பிரைபர்க் இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டோடு ஹார்ன் என்னும் ஊது வாத்தியத்தையும் பயின்றார். மோட்சார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' ஆப்பராவில் இளவரசன் தமினோவாகப் பாடிப் பெரும்புகழ் எய்தினார். அவருக்குப் பியானோ வாசித்தவர் ஹூபர்ட் கீசன். பாடகருக்கு வயது 35; வாசித்தவருக்கு 68. லீட் பாடும் நெறியில் கீசன் அவருக்குத் துணைவர் மட்டுமல்லர், ஆசிரியருமாவார்.

அன்று அவர்கள் எடுத்துக்கொண்டவற்றுள் முதன்மையானது, ஷூமான் இயற்றிய 'கவிஞனின் காதல்' என்னும் 16 பாடல்களின் கோவை. கவிதைகள் ஹைனே எழுதியவை. ஷூமான் இதற்கு இசையமைத்தது 1840-இல். தம் மகளை மணம் முடித்துத் தர மறுத்த தந்தையோடு நீதிமன்றம் வரை சென்று வழக்காடி, கிளாரா என்னும் பியானோக் கலைச்செல்வியை அவர் கைப்பிடித்ததும் அதே ஆண்டில்தான். அவரும் பியானோக் கலைஞராகவே விரும்பியவர். கையில் நேர்ந்த ஊனத்தால் அவ்விருப்பம் ஈடேறவில்லை. அவருடைய பாடல்களில் பியானோவுக்கு அத்தனை பெருமை கிட்டியதில் வியப்பில்லை.

முதற்பாடல் வசந்தத்தில் அரும்பும் காதலைச் சொல்வது. சொற்கள் இனிமையானவை. ஆனால் பியானோவோ ஷட்ஜத்தில் வந்து அமர வேண்டிய இடத்தில் அமராமல், விடை பெறாத வினாவைப் போல அந்தரத்தில் நின்றுவிடுகிறது. இக்காதல் நிறைவேறாது என்பதைப் பாடுகிறவன் அறியான், பியானோ அறியும். பதின்மூன்றாம் பாடலில், கனவில் அழுது விழித்தவன் பேசுகிறான். அதன் பெரும்பகுதியில் குரல் துணையின்றித் தனியே ஒலிக்கிறது. அது நின்ற பிறகே, பியானோ தயங்கித் தயங்கி இரண்டொரு தட்டு தட்டுகிறது. துக்க வீட்டில் என்ன சொல்வதென்று அறியாமல் அருகில் அமர்ந்திருப்பவரை நாம் கண்டதில்லையா? அத்தகைய துணை அது.

கடைசிப் பாடலில் கவிஞன் கசப்போடு நகைக்கிறான். மிகப் பெரிய சவப்பெட்டி ஒன்று கொண்டுவரச் சொல்கிறான். அதைத் தூக்கிச் சென்று கடலில் எறிய 12 அரக்கர்கள் வேண்டுமாம். அதில் தன் காதலையும் துயரத்தையும் இட்டுப் புதைக்கப் போகிறான். அத்துடன் சொற்கள் முடிந்தன, குரலும் ஓய்ந்தது. ஆனால் பாடல் முடியவில்லை. பியானோ மட்டும் மெல்லத் தொடர்கிறது. அது வாசிப்பது புதியதன்று. பன்னிரண்டாம் பாடலின் இறுதியில் நாம் கேட்டதேதான். அப்பாடலில், கோடைக் காலைப் பொழுதில் தோட்டத்துப் பூக்கள் அவனைப் பார்த்து, எங்கள் சகோதரியிடம் சினம் கொள்ளாதே என்று இரங்கிக் கேட்டன. அந்த மன்னிப்பைக் கவிஞன் தன் வாயால் சொல்லவே இல்லை. ஹைனேயின் முடிவில் எஞ்சுவது கசப்பு. அம்மன்னிப்பை வழங்குவது பியானோ!

அந்நேரத்தில் பாடகர் என் செய்கிறார்? வாய் மூடி நிற்கிறார். ஒரு நிமிடத்துக்கும் மேலாகத் தம் துணைவர் வாசிப்பதைச் சபையோடு சேர்ந்து அவரும் கேட்கிறார். குரல் நின்றதே என்று அப்போது கைதட்டி எழுந்து விடுபவர் பாடலின் உயிரை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துச் செல்பவராவார்.

எடின்பரோ நிகழ்ச்சி முடிந்து 13 நாட்கள் கழிந்தன. வுண்டர்லிஷ் மாடிப்படியிலிருந்து விழுந்து உயிர் நீத்தார். அவருடைய 36-ஆம் பிறந்தநாளுக்கு ஒன்பது நாட்களே இருந்தன. அக்டோபரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்பராவில் முதன்முறையாகத் தோன்ற இருந்தவர் அவர். கீசன் 1980 வரை வாழ்ந்தார். அவ்விரவின் ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. இளையவரின் குரல் நிற்பதையும், முதியவரின் விரல்கள் தொடர்வதையும் அதில் கேட்கும்போது நெஞ்சு கலங்காதிருத்தல் அரிது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் கச்சேரியில் பக்கவாத்தியத்துக்கு இடமில்லையா? உண்டு. பாடகர் ஆலாபனை செய்தால் பிடிலும் ஆலாபனை செய்கிறது. மிருதங்கத்துக்கென்றே தனி ஆவர்த்தனம் வகுத்தார்கள் நம் முன்னோர்கள். கலை குறை வைக்கவில்லை. குறை வைப்பவர்கள் நாம். தனி தொடங்கியவுடன் சபையில் நாற்காலிகள் நகரும் ஓசை கேட்கிறது. பாதிப் பேர் காப்பி அருந்தப் புறப்பட்டு விடுகிறார்கள். இக்குறை நமக்கு மட்டும் உரியதுமன்று. லண்டனில் வாழ்ந்த ஜெரால்ட் மூர் என்பார் பாடகர்களுக்கு வாசிப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர். 1962-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றுக்கு, 'நான் உரக்க வாசிக்கிறேனா?' என்ற பொருளில் பெயரிட்டார். அந்த ஒரு வினாவில் எத்தனை நகைச்சுவை, எத்தனை வேதனை! 1967-இல் அவர் மேடையிலிருந்து விடைபெற்றபோது புகழ்மிக்க பாடகர் மூவர் வந்து பாடினர். இறுதியில் அவர் ஷூபர்ட்டின் பாடல் ஒன்றைத் தனியே வாசித்து முடித்தார். பாடகர்களுக்காக வாசித்த விரல்கள் அன்று தாமே பாடின.

அன்பர்களே, நம் சங்கமும் அத்தகைய மேடைதான். பேசுகிறவன் பெயர் அழைப்பிதழில் பெரிய எழுத்தில் இருக்கிறது. வீடு வீடாகச் சென்று சந்தா திரட்டியவர், ஜமக்காளம் விரித்தவர், நூறு பேருக்குச் சிற்றுண்டி சமைத்த தாய்மார்கள் ஆகியோர் பெயர்கள் அதில் இல்லை. அவர்கள் இன்றேல் என் குரலுக்கு இங்கே சுருதி ஏது?

சற்று நேரத்தில் நம் இளைஞர்களின் கச்சேரி தொடங்க இருக்கிறது. மிருதங்கம் வாசிக்க இருப்பவன் நம் காலனிப் பிள்ளை. அவன் தனி வாசிக்கும்போது ஒருவரும் எழுந்து செல்லலாகாது. காப்பி ஆறினால் ஆறட்டும். இதுவே உங்களிடம் நான் வேண்டுவது.