நாளைய பாடம் இன்றைய கொப்பியில் இருக்கிறது



பாடத்திட்டமிடலும் கணிப்பீடும் பற்றிய ஆய்வரங்கை வெள்ளாங்குளத்தில் கூட்டியதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. இந்தப் பேச்சுகள் வழக்கமாகக் கொழும்பை அண்டிய மகரகமவிலும் நாவலயிலும் முடிந்துவிடும். நம்மிடம் வந்து சேருவது சுற்றறிக்கைதான். மன்னார் மாவட்டத்தில் மாந்தை மேற்கின் வட எல்லையில் இருக்கும் இந்த ஊர் போரினால் 2008 இல் முழுதாக இடம்பெயர்ந்தது. அன்று படிப்பைத் தொலைத்தவர்கள் பலர் இன்று பெற்றோராகி, தங்கள் பிள்ளைகளை நம்மை நம்பிப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள்.

நம் நாட்டில் பட்டதாரிகள் பலர் நியமனம் பெற்று வகுப்புக்குப் போன பிறகே கற்பிக்கும் முறையைப் படிக்கிறார்கள். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தமிழிலும் தொலைக்கல்வியாக நடத்துகிறது. 2020 இல் கொரோனாத் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு விரிவுரைகள் கைபேசிக்கே வந்தன. கைக்குழந்தையோடு இலுப்பைக்கடவையிலோ தேவன்பிட்டியிலோ இருக்கும் ஆசிரியைக்கு இது பெரிய வாய்ப்பு. நிகழ்நிலைக் கல்வியை நான் மனதார வரவேற்கிறேன்.

என் கவலை வேறு. திரை வழியே வரும் ஒப்படையில் பாடத்திட்டம் அழகாக இருக்கும். 2007 இல் வந்த தேர்ச்சிமையக் கலைத்திட்டத்தின் ஐந்து படிகளும் அதில் ஒழுங்காக நிற்கும். ஐந்தாவது படியான மதிப்பீட்டுக்கு வரும்போது நாற்பது நிமிடம் முடிந்து மணி அடித்துவிடும். திட்டமிட்ட ஆசிரியர் அதைத் தாளில் நிறைவுசெய்துவிடுவார். பிள்ளைக்குப் புரிந்ததா என்பது தெரியாமலே போகும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 52 இலிருந்து 27 ஐக் கழிக்கச் சொல்கிறோம். ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. இரண்டிலிருந்து ஏழு போகாது என்று கண்டு, ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. இன்னொரு பிள்ளை 79 என்று எழுதுகிறது, அது கூட்டியிருக்கிறது. மூன்றாவது பிள்ளையின் விடை 26. முறை தெரியும், விரல் எண்ணிக்கையில் ஒன்று தவறியிருக்கிறது. மூன்று கொப்பியிலும் சிவப்புப் பேனாவால் ஒரே பிழைக்குறி போடுகிறோம். முதற்பிள்ளைக்குப் பத்துக் குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்ட வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு வினாவை வாசித்து விளங்கப் பழக்க வேண்டும். மூன்றாவது பிள்ளைக்குச் சிறிது பயிற்சியே போதும். நாளைய பாடத்திட்டம் இந்த மூன்று விடைகளில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவரே ஆசிரியர்.

உலக அறிஞர்களும் இதைத்தான் சொன்னார்கள். கலைத்திட்டம் உருவாகும்போதே அதைத் திருத்தச் செய்யும் மதிப்பீட்டையும் முடிவில் செய்யும் மதிப்பீட்டையும் 1967 இல் மைக்கேல் ஸ்கிரிவன் பிரித்துக் காட்டினார்; அந்த வேறுபாடு பின்னர் மாணவர் கணிப்பீட்டுக்கும் வந்தது. வகுப்பறையில் அன்றாடம் நடக்கும் கணிப்பீடு கற்றலை எவ்வளவு உயர்த்தும் என்று 1998 இல் போல் பிளாக்கும் டிலன் வில்லியமும் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். 1997 கல்விச் சீர்திருத்தத்தை ஒட்டி நமக்கு வந்த பாடசாலை மட்டக் கணிப்பீட்டின் நோக்கமும் அதுவே. நாம் அதைப் புள்ளிப் பதிவேடாக்கிவிட்டோம். பிள்ளை திருத்திக்கொள்ள இடமில்லாத புள்ளி கணிப்பீடே அல்ல என்பது என் துணிபு.

ஆகவே பாடநெறிகளை வடிவமைப்போரிடம் ஒன்று கேட்கிறேன். தட்டச்சிட்ட பாடத்திட்டத்தோடு மூன்று பிள்ளைகளின் கொப்பிப் பக்கங்களையும் பெயரை மறைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவற்றைப் பார்த்து ஆசிரியர் மறுநாளுக்கு எழுதிய திட்டத்துக்கே கூடுதல் புள்ளி கொடுங்கள். இதற்கு அதிவேக இணையம் தேவையில்லை. சிக்னல் கிடைக்கும் நேரத்தில் அனுப்பினால் போதும். இரண்டு தரங்களை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் ஆசிரியருக்கு அதற்கேற்ற மாதிரித் திட்டங்களையும் தமிழில் தாருங்கள்.

இன்று கட்டுரை படிக்கும் இளம் ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் கண்ட ஒரு பிழையையாவது எடுத்து இந்த அவையில் பேசுங்கள். இந்த ஆய்வரங்கின் தீர்மானத்தை அந்தப் பிழைகளை வைத்தே எழுதி வலயக் கல்விப் பணிமனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புவோம்.