படியெடுப்பது மனிதனையா, மருந்தையா?



குளோனிங் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டோலி ஆடு. 1996 ஜூலை 5ஆம் தேதி ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வுக் கழகத்தில் அது பிறந்தது. ஆறு வயது ஆட்டின் மடியிலிருந்து எடுத்த உயிரணுவை, உட்கரு நீக்கிய வேறோர் ஆட்டின் கருமுட்டையோடு இணைத்து, இன்னோர் ஆட்டின் கருப்பையில் வளர்த்தார்கள். இணைத்த கருமுட்டைகள் 277. கிடைத்தது ஒரே ஒரு குட்டி.

இந்தக் கணக்கை மனிதரிடம் போட முடியுமா? கலைந்துபோகும் கருக்களுக்கும், குறையோடு பிறக்கக்கூடிய குழந்தைக்கும் யார் பொறுப்பு? குழந்தை பெறுவதற்கான குளோனிங்கை ஆன்மிகவாதிகளோடு பெரும்பாலான விஞ்ஞானிகளும் எதிர்ப்பது இதனால்தான். சிங்கப்பூர் 2004இல் இதற்குச் சட்டம் இயற்றியது. மீறுவோருக்குப் பத்தாண்டு வரை சிறை, 100,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும்.

ஆனால் அதே சட்டம் ஆராய்ச்சியின் கதவை அடைத்துவிடவில்லை. நோயாளியின் உயிரணுவிலிருந்தே கருவை உருவாக்கி, அதிலிருந்து ஸ்டெம் செல் எனும் மூல உயிரணுவை எடுத்தால், பழுதான உறுப்பைச் சீராக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் நம்பிக்கை. டோலியை உருவாக்கிய குழுவைச் சேர்ந்த ஆலன் கோல்மன் 2002இல் சிங்கப்பூருக்கு வந்து, இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை உருவாக்கும் ஆய்வில் ஈடுபட்டார். நீரிழிவு அதிகமுள்ள நம் சமூகத்திற்கு இது அந்நியமான செய்தியன்று.

இங்கேதான் கருத்து பிளவுபடுகிறது. கருவுற்ற கணமே அது மனித உயிர் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. 14 நாள் வரை நரம்பு மண்டலத்தின் தொடக்கம்கூட இல்லை, அதனால் நோயாளியின் வேதனைக்கே முதலிடம் என்கின்றனர் மறுதரப்பினர். சிங்கப்பூர் சட்டம் அந்த 14 நாளையே எல்லையாக வைத்தது.

கருமுட்டை எங்கிருந்து வருகிறது என்பது அதிகம் பேசப்படாத கேள்வி. தென்கொரியாவின் ஹுவாங் வூ சுக், குளோனிங் வழியே மனித மூல உயிரணுக்களை உருவாக்கிவிட்டதாக 2004, 2005ஆம் ஆண்டுகளில் அறிவித்தார். அது பொய் எனத் தெரியவந்து 2006 ஜனவரியில் அக்கட்டுரைகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. அவருக்குக் கீழ் வேலை பார்த்த பெண்களே கருமுட்டை தந்திருந்ததும் அம்பலமானது. முதலாளி கேட்கும்போது, மறுக்கும் சுதந்திரம் ஊழியருக்கு உண்டா? கருமுட்டையை விற்பதையும் வாங்குவதையும் சிங்கப்பூர் தடை செய்திருப்பதன் நியாயம் இதில் விளங்கும்.

ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாக்கா வேறு வழி தேடினார். நண்பரின் கருத்தரிப்பு மருத்துவமனையில் நுண்நோக்கி வழியே ஒரு கருவைக் கண்டபோது, தம் மகள்களின் நினைவு வந்ததாக அவர் கூறியிருக்கிறார். 2006இல் எலியின் உயிரணுவையும், 2007இல் மனிதத் தோலின் உயிரணுவையும், கருவே இல்லாமல் மூல உயிரணுவைப் போல் மாற்றிக் காட்டினார். 2012இல் நோபல் பரிசு பெற்றார்.

அறநெறி அறிவியலுக்குப் போடும் முட்டுக்கட்டை என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். மனம் உறுத்தியதால் அவர் ஆய்வை நிறுத்தவில்லை. புதிய பாதை கண்டார். கேள்வி கேட்கும் சமுதாயத்திற்கே நல்ல மருந்தும் கிடைக்கும்.