நாற்பதைத் தாண்டி லாரிக்குப் போகிறவர்களுக்கு

(இஷா தொழுகைக்குப் பின் நடந்த தொழில் வழிகாட்டல் கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)





வளைகுடாவில் கணக்கு முடித்து ஊர் திரும்பியவர்கள்தான் இப்போது எங்களிடம் அதிகம் வருகிறார்கள். பதினைந்து, இருபது வருடம் கடையிலும் கிடங்கிலும் நின்றவர்கள். வயது 42, 45. இங்கே கடை போட முதல் இல்லை. சம்பள வேலைக்குப் போனால் வயது அதிகம் என்கிறார்கள். "வண்டி ஓட்டத் தெரியும் பாய், லாரிக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள்.

போகலாம். சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. இத்தனை வயதுக்கு மேல் கூடாது என்று சொல்லவில்லை. எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 2019-ல் நீங்கிவிட்டது. ஆனால் எப்படிப் போவது என்பதில் நாங்களே ஒரு தவறு செய்தோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நான்கு வருடத்துக்கு முன் 44 வயதுச் சகோதரர் ஒருவர் வந்தார். பழைய டாரஸ் லாரி ஒன்று விலைக்கு வருகிறது, முன்பணத்துக்குக் கடன் வேண்டும் என்றார். வட்டியில்லாக் கடன் கொடுத்தோம். மீதிக்கு வீட்டுக்காரியின் நகையை விற்றார். அதுவும் போதாமல் ஃபைனான்ஸில் போய் நின்றார். அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தோம். அவரிடம் அப்போது கனரக உரிமம்கூட இல்லை. ஆள் வைத்து ஓட்டினார். வாடகையில் டீசல், டோல், டிரைவர் படி, ஏற்றுக்கூலி எல்லாம் போக மிஞ்சியது தவணைக்கே காணவில்லை. வண்டிக்குப் பத்து டயர். ஒரு டயர் போனால் அந்த மாதமே போயிற்று. எஃப்.சி. காட்டும் நேரம் வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. பதினான்காம் மாதம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் கடனை மட்டும் மாதம் 500 ரூபாயாக இன்னும் திருப்பித் தருகிறார். வேண்டாம் என்றோம்; கேட்கவில்லை. பெயர் சொல்லாமல் இதைச் சொல்லுங்கள் என்று அவரே அனுமதி தந்தார்.

அதனால் இப்போது வண்டி வாங்க நாங்கள் கடன் கொடுப்பதில்லை. உரிமம் எடுக்கும் செலவை ஏற்கிறோம். முதலில் சிறிய வண்டி. கார் ஓட்டும் உரிமம் வைத்திருப்பவர், சரக்கோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஊருக்குள்ளே அரிசி மூட்டை, சிமெண்ட், காய்கறி ஏற்றி ஒரு வருடம் ஓட்டுங்கள். இலகுரக உரிமம் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருந்தால்தான் கனரகத்துக்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும். ஓட்டுநர் பள்ளிச் சான்றும், மருத்துவர் தரும் படிவம் 1ஏ-வும் வேண்டும்.

பிறகு ஒரு வருடமாவது பெரிய வண்டியில் கிளீனராக ஏற வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் முகம் சுருங்குகிறது. பேரன் பேத்தி எடுக்கும் வயதில், இருபத்தைந்து வயதுப் பையன் "பாய், தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்க" என்பதைக் கேட்க வேண்டுமா? கேட்கத்தான் வேண்டும். கயிறு கட்டுவதும், டயரைத் தட்டிப் பார்ப்பதும், பின்னால் நின்று ரிவர்ஸ் சொல்வதும் எந்தப் பள்ளியிலும் வராது.

தொப்பூர் கணவாயை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் உள்ள இறக்கம். டீசல் மிச்சமாகும் என்று சிலர் அதில் வண்டியை நியூட்ரலில் விடுகிறார்கள். அப்போது இன்ஜின் பிடித்து நிறுத்தாது. முழுப் பாரமும் பிரேக்கில் விழுகிறது. பிரேக் சூடேறினால் பிடிக்காது. எத்தனை வண்டிகள் அங்கே முன்னால் போன கார்களின் மேல் ஏறியிருக்கின்றன! ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். இரண்டு லிட்டர் டீசலுக்காக யாருடைய குடும்பத்தையும் அழிக்க நமக்கு உரிமை இல்லை.

இந்த வயதில் கையைவிடக் கண்தான் முதலில் சோதனை கொடுக்கும். நாற்பதுக்கு மேல் எதிர் வண்டியின் வெளிச்சம் பட்டால் பார்வை திரும்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அடுத்தது சர்க்கரை. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் ஸ்டீயரிங்கிலேயே மயக்கம் வரும். சர்க்கரையை மறைத்து மருத்துவச் சான்று வாங்கித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போகாதீர்கள். பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் கண் சொக்கும். டீயும் பாக்கும் தூக்கத்துக்கு ஈடு இல்லை. ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்குங்கள். லோடு தாமதமானால் முதலாளி திட்டுவார், திட்டட்டும். பயணத்தில் தொழுகையைச் சுருக்குவது, சேர்ப்பது பற்றி நம் ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு டிரைவரின் வீட்டார் எங்களிடம் சொன்னார்கள்: "சவூதியில இருந்தப்பவாவது எத்தனை மணிக்குத் தூங்குவாருன்னு தெரியும். இப்போ ராத்திரி போன் அடிச்சாலே உடம்பு நடுங்குது." வடக்கே லோடு போனால் வீடு திரும்ப இரண்டு வாரம்கூட ஆகும். பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் மருந்து எல்லாம் உங்கள் தலையில் விழும். உங்கள் சம்மதம் இல்லாமல் விண்ணப்பம் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். வண்டி ஓடும்போது அவருக்குப் போன் செய்யாமல் இருப்பதும் உங்கள் பங்கு.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும். பழைய உரிமம், ஆதார், கண் பரிசோதனைச் சீட்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றோடு வாருங்கள். வீட்டாரையும் அழைத்து வாருங்கள். அந்த டாரஸ் சகோதரரும் இன்ஷா அல்லாஹ் அன்று இருப்பார். எங்களிடம் கேட்கக் கூச்சமானதை அவரிடம் கேட்கலாம்.

வஸ்ஸலாம்.