ஏரிகளைப் பார்க்கும் உரிமை



மலையேறுவதும் ஏரிக்கரையிற் காலாற நடப்பதும் வெறும் பொழுதுபோக்குத்தானே, அதற்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டத்தைப் பொறுத்தவரை அந்தப் பொழுதுபோக்கே இலக்கியம் பெற்ற பிள்ளை என்பது என் எண்ணம்.

1720களில் நாட்டைச் சுற்றிவந்து எழுதிய டானியல் டெஃபோவுக்கு இந்த மலைகள் எதுவும் விளையாத, அச்சந்தரும் காடாகவே தோன்றின. அரை நூற்றாண்டு கழிந்து, 1778இல், தோமஸ் வெஸ்ற் என்பவர் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். எந்த ஏரியை எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று அது சொல்லிக் கொடுத்தது. கனவான்கள் அந்த இடங்களைத் தேடி வந்தார்கள். வந்து, ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையிலிருந்த கருநிறக் கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் ஓவியம் போலிருக்குமாம்! கைத்தொலைபேசியோடு மலையுச்சியில் நிற்கும் இன்றைய நாம் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை.

அந்தக் கண்ணாடியை வீசிவிட்டுக் கால்களை நம்பியவர்கள் வேர்ட்ஸ்வேர்த்தும் அவருடைய கூட்டாளிகளும். 1802 ஓகஸ்டில் கோல்றிட்ஜ் ஸ்கோஃபெல் மலையிலிருந்து வழி தெரியாமற் பாறைக்குப் பாறை தொங்கி இறங்கினார். இன்பத்துக்காகப் பாறையேறுவோர் தம் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். வேர்ட்ஸ்வேர்த் தம் வாழ்நாளில் ஒன்றேமுக்கால் இலட்சம் மைல்களுக்கு மேல் நடந்திருப்பார் என்று டி குவின்ஸி கணக்கிட்டார். கணக்கைச் சற்றுக் குறைத்துக்கொண்டாலும் அது பெரிய நடைதான்.

இங்கே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் அப்பாற் செல்ல எனக்கு மனமில்லை. டஃபோடில் மலரைக் கண்ணாற் காணாமலே அந்தக் கவிதையை மனனஞ் செய்த தலைமுறை எங்களுடையது. 1802 ஏப்ரல் 15ஆந் திகதி, அல்ஸ்வோட்டர் ஏரிக்கரையில் அந்த மலர்களைக் கண்டவர்கள் இருவர்: வேர்ட்ஸ்வேர்த்தும் தங்கை டொறதியும். டொறதி தமது நாட்குறிப்பில் அக்காட்சியை எழுதி வைத்தார். ஈராண்டு கழித்து அண்ணன் எழுதிய கவிதையில் தங்கை இல்லை; அவர் தனியே நடக்கிறார். கவிதைக்கு அந்தத் தனிமை தேவைப்பட்டது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் 1818இல் டொறதி ஒரு தோழியுடன் இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்கோஃபெல் பைக்கில், 978 மீற்றர் உயரம், ஏறிவிட்டு எழுதிய கடிதத்தையும் அண்ணன் தமது ஏரி வழிகாட்டி நூலிற் சேர்த்துக்கொண்டார். டொறதியின் பெயரைப் போடவில்லை. இதற்கு என்ன சமாதானம் சொல்வது?

அதே வழிகாட்டி நூலில்தான் வேர்ட்ஸ்வேர்த் ஓர் அரிய கருத்தையும் சொன்னார். காணக் கண்ணும் மகிழ நெஞ்சும் உள்ள எவருக்கும் பங்குள்ள பொதுச் சொத்து இந்தப் பிரதேசம் என்பது அதன் சாரம். 1951இல் அங்கே தேசியப் பூங்கா அமைந்தபோது நினைவுகூரத்தக்க சொல் அது. ஆனால் 1844இல் விண்டமியருக்குப் புகையிரதப் பாதை போடப்போகிறார்கள் என்றதும் அவர் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதி எதிர்த்தார். மலையழகை உணரும் சுவை மெல்ல மெல்லப் பழகி வருவது, ஆலைத் தொழிலாளரைக் கூட்டங் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினால் அது வந்துவிடாது, அவர்கள் மனைவி மக்களோடு தம்மூர் வயல்வெளிகளில் உலாவட்டும் என்பது அவரது வாதம்.

கூட்டம் இயற்கையைக் கெடுக்கும் என்ற அச்சத்தை நான் தள்ளிவிடமாட்டேன். விண்டமியர் ஏரியில் விசைப்படகுகளின் இரைச்சல் பொறுக்க முடியாமல் 2005இல் வேகக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியிருந்தது. நடப்பவர்களின் சப்பாத்துகளே மலைப்பாதைகளைக் கரைக்கின்றன. ஆனால் யாருக்குச் சுவை உண்டு, யாருக்கு இல்லை என்று வாசலில் நின்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கவிஞருக்கு யார் கொடுத்தார்கள்? அவருடைய ரைடல் வீட்டைப் பார்க்கவே ஆண்டுதோறும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை வரவழைத்தது புகையிரதமல்ல, அவருடைய எழுத்து.

பாதை 1847இல் திறக்கப்பட்டது. விண்டமியரோடு நின்றும்விட்டது.

1930இல் பிளக்பேண் என்ற பருத்தியாலை நகரிலிருந்து ஓர் இளைஞர் விடுமுறைக்கு அங்கு வந்தார். குடிகாரத் தகப்பனின் வறிய வீட்டிற் பிறந்து, பதின்மூன்று வயதிற் பள்ளியை விட்டு, அலுவலகத்திற் சிற்றூழியராகச் சேர்ந்தவர். கவிஞர் அஞ்சிய அதே வர்க்கம். பெயர் அல்பிரட் வெயின்றைட். ஒறெஸ்ட் ஹெட் என்ற சிறு குன்றில் ஏறி ஏரியையும் மலைகளையும் பார்த்த அந்த ஒரு காட்சி அவரது வாழ்க்கையைத் திருப்பியது. பின்னர் கென்டலில் வேலை தேடிக்கொண்டு, ஓய்வு நேரமெல்லாம் தனியே நடந்து, 214 மலைகளைப் பற்றி ஏழு நூல்களை 1955 முதல் 1966 வரை வெளியிட்டார். பக்கங்களில் அச்செழுத்தே கிடையாது. எழுத்தும் படமும் அவர் கையாலேயே வரையப்பட்டவை. இன்றும் நடப்பவர்கள் அந்த மலைகளை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

அவர் ஏறிய குன்றுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை விண்டமியர் புகையிரத நிலையத்துக்கு எதிர்ப்புறத்திலிருந்து தொடங்குகிறது. அரைமணி நேர நடை.