பள்ளி மணி அடித்த பின்னர்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

 

கால் நூற்றாண்டு நிறைவெய்தும் இந்நாளில் கழகத்தின் பெருமைகளை எடுத்துரைக்கப் பலர் இருக்கின்றார்கள். நமக்கு ஒதுக்கப்பெற்ற பொருள் சிறியது போலத் தோன்றும். மாலையில் வீடு திரும்பும் பிள்ளை மறுநாட்காலை பள்ளிக்குப் புறப்படும் வரையில் என்ன செய்கின்றது? இதுவே பொருள்.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பற்றி நம் தெருக்களில் இனிப் பெரிதும் பேச வேண்டியதில்லை. 1956இல் மதிய உணவு வந்தது; 1982இல் சத்துணவு வந்தது; 2009இல் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறியது; 2022இல் காலை உணவும் வந்தது. ஆறு வயதாகியும் பள்ளி வாயிலை மிதியாத பிள்ளையைக் காண்பது இன்று அரிது. ஆயின் ஐந்தாம் வகுப்பில் அமர்ந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையைக் காண்பது அரிதன்று. அப்பிள்ளை எட்டாம் வகுப்பு வரையில் எவ்வாறேனும் வந்துவிடும். ஒன்பதில் தடுக்கி விழும். சித்தாள் வேலைக்கோ பின்னலாடை ஆலைக்கோ போய்ச் சேரும். “அவனுக்குப் படிப்பு ஏறவில்லை” என்று பெற்றோரே சொல்லி முடித்துவிடுவர்.

இச்சொல்லை நாம் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். “இவர்கள் படிக்கலாகாது” என்று ஒரு காலத்தில் பிறர் சொன்னார்கள். அது வெளியிலிருந்து வந்த தடை. நம் முன்னோர் அதனை எதிர்த்து நின்றார்கள். “இவனுக்குப் படிப்பு வராது” என்பதோ நம் வாயினாலேயே நம் பிள்ளையைப் பற்றிச் சொல்லப்படுவது. இதனை எதிர்ப்பது அதனினும் கடினம். வகுப்பில் ஓர் ஆசிரியர் சலிப்பினாலோ, உள்ளத்தில் ஒளிந்திருக்கும் சாதியுணர்வினாலோ இதைச் சொல்லிவிடக்கூடும். பிள்ளை அதை வீட்டுக்குச் சுமந்து வருகின்றது. வீட்டிலும் அதே சொல் காத்திருக்குமானால் அப்பிள்ளை வேறெங்குச் செல்லும்?

“நாங்கள் எழுத்தறியாதவர்கள், வீடோ ஓர் அறை, நாங்கள் எவ்வாறு படிப்பிப்பது?” என்று தாய்மார்கள் கேட்கின்றார்கள். நேர்மையான கேள்வி. இதற்கு அண்ணல் அம்பேத்கர் அவர்களின் இளமைக் காலத்திலேயே விடை இருக்கின்றது.

பம்பாயின் பரேல் பகுதியில், தொழிலாளர் குடியிருப்பொன்றில், ஒரே அறையில் அக்குடும்பம் வாழ்ந்தது. அடுப்பும் புகையும் விறகும் அம்மிக்கல்லும் ஆடும் அவ்வறையிலேயே. இருவர் நீட்டிப் படுக்கவும் இடம் போதாது. தந்தையார் இராம்ஜி அவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார். மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்வார்; தாம் இரண்டு மணி வரையில் விழித்திருப்பார்; பின்னர் மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு, மகன் படுத்திருந்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். மண்ணெண்ணெய் விளக்கொளியில் அம்மகன் படித்தார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார்.

இராம்ஜி அவர்கள் கற்றவர். இராணுவப் பள்ளியில் ஆசிரியப் பணி புரிந்தவர். ஆகவே நம் நிலையும் அவர் நிலையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அந்த நள்ளிரவில் அவர் செய்தவற்றுள் எழுத்தறிவு தேவைப்பட்டது எது? விழித்திருந்தார்; எழுப்பினார்; தம் இடத்தைப் பிள்ளைக்குப் பகிர்ந்தளித்தார். இம்மூன்றையும் கைந்நாட்டு வைப்பவரும் செய்யலாம். இன்று இரவு இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தி, விளக்கடியில் பிள்ளைக்கென ஒரு பாய் விரித்து, அவ்வேளையில் வீட்டில் சண்டையும் கூச்சலும் எழாமற் பார்த்துக்கொண்டாற் போதும். (குடித்துவிட்டு வரும் தந்தையரும் இக்கூட்டத்தில் இருக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தையேனும் பிள்ளைக்கு விட்டுத் தருமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.)

அடுத்து, கேட்பது. பிள்ளை வாய்விட்டுப் படிக்கட்டும். தாய் கீரை ஆய்ந்துகொண்டே கேட்கட்டும். எங்கே தடுமாறுகின்றது, எங்கே விழுங்கிவிட்டு ஓடுகின்றது என்பது எழுத்தறியாத காதுக்கும் தெரியும். படித்து முடித்ததும், “கதையில் என்ன நடந்தது? எனக்குச் சொல்” என்று கேட்க வேண்டும். ஆசிரியர் விடை தெரிந்துகொண்டே கேட்கின்றார். பிள்ளைக்கும் அது தெரியும். தாயோ உண்மையிலேயே தெரியாமற் கேட்கின்றாள். தெரியாதவர்க்கு விளங்கச் சொல்ல முயலும்போதுதான் பிள்ளைக்கும் பாடம் விளங்குகின்றது. எழுத்தறியாமையை மறைத்து நாணுவதற்கு இங்கே இடமில்லை.

படிப்பதற்குப் புத்தகம் இல்லையென்பர். அரசு தரும் பாடநூலை ஆண்டு முடிவில் எடைக்குப் போடாமல் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். மளிகைச் சாமான் மடித்து வந்த தாள், பேருந்தின் பெயர்ப்பலகை, நியாய விலைக் கடையின் விலைப்பட்டியல், மின்கட்டண அட்டை யாவும் எழுத்துகளே. கணக்கிற்கோ நம் வீட்டில் குறைவே இல்லை. பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டையானால் எழுபது, ஆறானால் எண்பத்து நான்கு. பழைய அளவையில் எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்; அப்படியாயின் கலத்துக்கு எத்தனை படி? களத்துமேட்டில் கூலி நெல் வாங்கிய பாட்டி தொண்ணூற்றாறு என்று நொடியிற் சொல்லிவிடுவாள். அந்தப் பாட்டியைக் கல்லாதவள் என்று எண்ணி வளரும் பிள்ளைக்கு அவள் வாயினாலேயே வாய்பாடு கேட்பது இரட்டைப் பாடமாகும். சுவரளந்து செங்கற் கணக்குச் சொல்லும் கொத்தனாரும் அத்தகையவரே.

தனியார் பள்ளிக்காக வட்டிக்கு வாங்கிக் கட்டணம் செலுத்தும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவருகின்றன. பெற்றோரின் ஆவலை நாம் குறை கூறவில்லை. ஆனால் கடனில் மூழ்கிய வீட்டில் பிள்ளை அமைதியாகப் படிப்பதில்லை. நாட்தோறும் ஒரு மணி நேரம் அருகிருந்து கேட்பதைக் கட்டணத்தால் ஈடுசெய்யவும் இயலாது.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்லுதல் வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் அண்ணன் பந்தாடச் செல்கின்றான். தங்கை தண்ணீர்க்குடத்தை எடுக்கின்றாள். பாத்திரம் துலக்குவதும் கைக்குழந்தையைத் தூக்குவதும் அவள் தலையில் விழுகின்றன. எட்டு மணிக்கு அவள் புத்தகத்தைத் திறக்கும்போது உறக்கம் கண்ணை அழுத்துகின்றது. வீட்டு வேலையை ஆண்பிள்ளைக்கும் பங்கிட்டுத் தராத வீட்டில் பெண்கல்வி என்பது மேடைப் பேச்சேயாகும். குடம் தூக்குவதால் எந்த ஆண்மகனும் தேய்ந்துபோவதில்லை.

வீடு தனித்து நின்றால் எதுவரை இயலும், எதற்கு மேல் இயலாது என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் மீண்டும் திறந்தன. பத்தொன்பது மாதங்கள்! பாடம் கைப்பேசிக்குள் சென்றது; கைப்பேசியோ தந்தையின் சட்டைப்பையில் வேலைக்குச் சென்றது. கற்றதையும் மறந்த பிள்ளைகளுக்காக 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பெற்றது. அதில் நாம் கண்டது என்ன? மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், அதே தெருவில் வாழும் ஓர் அக்காள், திண்ணையிலும் கோயில் நிழலிலும் மாலையில் ஒன்றரை மணி நேரம் அமர்ந்தாள். பிள்ளைகள் அச்சமின்றி வந்தார்கள். தெருவைச் சேர்ந்தவரே சொல்லித்தரும்போது “உனக்கு வராது” என்னும் சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

இது நமக்குப் புதிய வழியுமன்று. 1855இலேயே புனேயில் சோதிராவ் பூலே உழைக்கும் மக்களுக்கு இரவுப் பள்ளி நடத்தினார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். பகற்பொழுது உழைப்புக்குப் போய்விடும் வீடுகளை அறிந்தவர்கள் அவர்கள்.

தை பிறந்தால் செங்கற் சூளைக்குக் குடும்பத்தோடு செல்வோருக்கு ஒரு செய்தி. இயலுமாயின் பிள்ளையை உறவினர் வீட்டிலோ விடுதியிலோ விட்டுச் செல்லுங்கள். உடன் அழைத்துச் சென்றால், சூளைக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியில் சேர்க்கக் கோருங்கள். எட்டாம் வகுப்பு வரையில், ஆண்டின் நடுவில் வந்ததைக் காட்டியோ, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டியோ சேர்க்கையை மறுக்கக் கல்வி உரிமைச் சட்டம் இடந்தரவில்லை. மறுத்தால் கழகத்துக்குத் தெரிவியுங்கள். நம் இளைஞர்கள் உடன் வருவார்கள்.

இனி அவ்விளைஞர்களிடம் ஒரு சொல். கழகத்தின் உதவியால் பட்டம் பெற்றவர்கள் இங்கே பலர் அமர்ந்திருக்கின்றீர்கள். பணம் கேட்கப் போவதில்லை. நம் மன்றக் கட்டடம் மாலை நேரத்தில் கேரம் பலகைக்கு மட்டுமே திறக்கப்படுகின்றது. திங்கள் முதல் வெள்ளி வரையில் ஆறு மணி முதல் எட்டு மணி வரை அங்கே பாய் விரித்து விளக்கேற்றக் கழகம் ஒப்புக்கொண்டுள்ளது. நாளொன்றுக்கு இருவர் தேவை. ஒருவர் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளோடு அமர்ந்து வாசிக்கச் செய்தல் வேண்டும். மற்றவர் கணக்குப் பார்த்தல் வேண்டும். பிள்ளையை அடிப்பவர் வேண்டா. வாரம் ஒரு நாள் தவறாது வருபவர், ஒரு மாதம் நாள்தோறும் வந்து பின் மறைந்துவிடுபவரினும் மேலானவர்.

வாயிலருகே மேசைமீது குறிப்பேடு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. உணவுக்குச் செல்லுமுன் அதில் உங்கள் பெயரையும், எந்த நாள் மாலையில் வர இயலும் என்பதையும் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கின்றோம்.