ஒலியைச் சுமக்கும் தோள்கள்

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களில் பலர் திருப்பதி யாத்திரை சென்று வந்திருப்பீர்கள். அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைவழி சுமார் 9 கிலோமீட்டர்; படிகள் 3,550. இத்தகைய யாத்திரைத் தலத்தில், கூட்டத்தில் பிரிந்த குழந்தையைத் தேடும் தாய்க்கு ஒலிபெருக்கி அறிவிப்பே பெருந்துணை. முழக்கம் எவ்வளவு பெரிதாயினும், அதில் குழந்தையின் பெயர் விளங்காவிட்டால் பயன் யாது? அத்தெளிவைக் காக்கும் உறுப்புகளுள் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

ஒலிக்கருவிகளுள் ஆப்-ஆம்ப் என்னும் சிறு சில்லு உண்டு. ஒலிவாங்கி தரும் மெல்லிய மின்குறியைப் பெருக்குவது அதன் முற்பகுதி. பெருக்கிய குறியைக் கம்பியில் ஏற்றி அடுத்த கருவிக்கு அனுப்புவது அதன் இறுதிப் பகுதி. இதனை வெளியீட்டு நிலை என்பர்.

இதற்கு முதலில் வேண்டுவது வலிமை. ஒலித்துறையில் 600 ஓம் சுமை நெடுநாள் வழக்கு. அதன்மீது 10 வோல்ட் செலுத்தினால், அலையின் உச்சியில் சுமார் 24 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் தேவை. 1968-இல் வெளிவந்த புகழ்பெற்ற 741 சில்லு, முனைகளைக் குறுக்கே இணைத்தாலும் சுமார் 25 மில்லி ஆம்பியர்தான் தரும். அதாவது, தன் எல்லையிலேயே நின்று மூச்சு வாங்கும். பின்னர் வந்த 5532 என்னும் சில்லோ 600 ஓம் சுமையைத் தாங்கவல்லது. இன்னும் பெருஞ்சுமையாயின், சில்லின் பின்னே தனி டிரான்சிஸ்டர் இணை ஒன்றைச் சேர்ப்பர்.

அடுத்து வேண்டுவது ஒற்றுமை. வெளியீட்டு நிலையில் அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கின்றன. ஆனால் சிலிக்கன் டிரான்சிஸ்டர் விழித்தெழச் சுமார் 0.6 வோல்ட் வேண்டும். ஆகவே அலை பூச்சியத்தைக் கடக்கும் கணத்தில் இரண்டுமே உறங்கிவிடக் கூடும். உரத்த ஒலியில் இக்குறை அவ்வளவாகத் தோன்றாது. மெல்லிய ஒலியில் கரகரப்பாய் வெளிப்படும்.

சுவாமி வாகனம் சுமப்போர் தோள் மாற்றுவதைக் கண்டிருப்பீர்கள். புதியவர் தோள் கொடுத்த பின்னரே பழையவர் விலகுவார். பாரம் ஒரு கணமும் தாழாது. அவ்வாறே, குறி இல்லாத வேளையிலும் இரு டிரான்சிஸ்டர்களிலும் சிறு மின்னோட்டம் ஓடும்படி அமைக்க வேண்டும். அது மிகுந்தால் வெப்பம் ஏறும். குறைந்தால் கரகரப்பு மிஞ்சும். எஞ்சிய பிழையை எதிர்ப் பின்னூட்டம் திருத்தும். எனினும், அடிப்படையில் உள்ள குறையை முழுவதும் அதன் தலையில் சுமத்துவது நல்ல அமைப்பன்று.

மூன்றாவது நிதானம். நீண்ட கம்பி ஒரு மின்தேக்கியைப் போலவும் நடந்துகொள்ளும். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் எனக் கொண்டால், 100 மீட்டரில் 10 நானோஃபாரட் ஆகிவிடும். இச்சுமை பின்னூட்டத்தைத் தாமதப்படுத்தி, சில்லைத் தானே அலையச் செய்துவிடும். வெளியீட்டில் 47 முதல் 100 ஓம் வரையுள்ள மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்தால், பெரும்பாலும் இத்தொல்லை நீங்கும்.

வெளியூர்களில் பஜனை மண்டலிக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் கருவி வாங்குவோர், ஓசையின் பெருக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நீண்ட கம்பியை இணைத்து, ஒருவரை மெதுவாகச் சில பெயர்களைச் சொல்லச் செய்து, அரங்கின் கடைக்கோடியில் நின்று கேளுங்கள். அங்கே ஒவ்வொரு பெயரும் பிசகின்றி விளங்குமாயின், அக்கருவியை நம்பி வாங்கலாம்.