செல்ஃப் எடுக்காத வண்டி



பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காலைப்பொழுது பழக்கம்தான். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. ஹாரன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. "பேட்டரி போச்சு சார்" என்பார் பக்கத்தில் நிற்பவர். அதை நம்பி நானும் ஒருமுறை நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்கிப் போட்டேன். மறுநாள் காலையிலும் அதே 'டக்'.

அன்றைக்கு வந்து பார்த்த ஆட்டோ எலக்ட்ரீசியன் பெரியவர் ஒருவரின் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

வந்தவர் முதலில் ஸ்பானரைத் தொடவில்லை. ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார். "இப்ப சாவியத் திருப்புங்க." அந்தச் சுவர்தான் அவருக்கு முதல் மீட்டர். சாவியைத் திருப்பும்போது வெளிச்சம் செத்து மஞ்சளானால் பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். அடியோடு அணைந்துபோனால் பேட்டரி டெர்மினலில் பிடிப்பு இல்லை. என் வண்டியில் வெளிச்சம் லேசாக மங்கியதோடு சரி. 'டக்' என்ற சத்தம் வருவதால், மோட்டாருக்குக் கரன்ட்டை இணைத்துவிடும் சொலினாய்டு இழுக்கிறது. ஆனால் மோட்டாருக்கு வேண்டிய பெரிய கரன்ட் ஓடவில்லை. இவ்வளவையும் சுவரைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

காதும் இதில் பாதி வேலை செய்கிறது. 'டகடகடக' என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சக்தி இல்லை. மோட்டார் 'விர்ர்' என்று தனியாகச் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால், பல்சக்கரம் போய்ப் பிடிக்கவில்லை. பழைய மாடல்களில் ஹேண்டில் போட்டுச் சுற்றிப் பார்க்கவும் வழி உண்டு. அப்படிச் சுற்றி வண்டி கிளம்பிவிட்டால், இக்னிஷன் பாகங்களான காயில், பாயிண்ட், கண்டென்சர் பக்கம் போகவே வேண்டாம்.

விளக்கு எரியும்போது செல்ஃப் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து பத்து ஆம்பியர் அளவு போதும். செல்ஃப் மோட்டாருக்கோ நூறு, நூற்றைம்பது ஆம்பியர் வேண்டும். துருவோ வெள்ளைப் பூவோ படிந்த இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தால் விளக்குக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் 150 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு இடத்திலேயே 3 வோல்ட் கரைந்துவிடும். அதனால்தான் சும்மா நிற்கும் வண்டியில் மீட்டர் வைத்து 12.6 வோல்ட் காட்டுகிறது என்று திருப்திப்படுவதில் அர்த்தமில்லை. சுமை ஏறும்போது அளக்க வேண்டும்.

அவர் அப்படித்தான் அளந்தார். மீட்டரின் ஒரு முனை எஞ்சின் பிளாக்கில், மறுமுனை பேட்டரியின் எர்த் முனையில். இந்த இரண்டுக்கும் நடுவே, செல்ஃப் அடிக்கும்போதுகூட அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. என் வண்டியில் பத்து வோல்ட்டைத் தாண்டியது. அடுத்து சோக் கேபிளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது!

எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங்கின் மேல். ரப்பர் வழியாகக் கரன்ட் திரும்பாது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் செம்புப் பட்டைதான் அதற்குப் பாதை. அந்தப் பட்டை இற்றுப்போயிருந்ததால், கரன்ட் மெல்லிய சோக் கேபிள் வழியே திரும்பிக்கொண்டிருந்தது. விட்டிருந்தால் கேபிள் எரிந்துபோயிருக்கும்.

மோட்டாரைச் சுத்தியலால் தட்டி ஓடவைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தேய்ந்த கார்பன் பிரஷ் அந்தத் தட்டலில் ஒருநாள் பிடிக்கும், மறுநாள் கைவிடும். கோளாறு இன்ன இடத்தில் என்று அதனால் சொல்ல முடியாது. 1957இல் உத்தரபாராவில் தொடங்கி 2014 வரை உற்பத்தியான இந்த வண்டியில், வயர்கள் அத்தனையும் கண்ணால் பார்த்துக் கையால் தொடரக்கூடியவை. பொறுமையாகத் தொடர்ந்து போகிறவருக்கு அது எதையும் மறைப்பதில்லை.

பெரியவர் பழைய பட்டையைக் கழற்றினார். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டும் துருவும் போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை எமரித்தாளால் தேய்த்தார். புதுப் பட்டையை முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். சாவியைத் திருப்பினேன், எஞ்சின் உடனே பிடித்தது. ஆனால் அவர் மீட்டரை மடக்கவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, முனைகளை மறுபடி அதே இடங்களில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னொரு தடவ அடிங்க."